மஞ்சள் கூடின பிரிண்டர்

என்னை இந்தக் கண்ணாஸ்பத்திரி பெஞ்சுல கொண்டாந்து உக்கார வெச்சது ஒரு பிரிண்டருங்க. சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். உங்களையும் இன்னும் கூப்பிடலீல்ல? டாக்டர் இப்பத்தான் டீ குடிக்கப் போனாருங்க. அப்பக் கேளுங்க.

எம்பேரு மாசிலாமணி. ஈரோட்டுல ஒரு மசாலாப்பொடிக் கம்பெனில மேனேஜர். கம்பெனி பேரு வேண்டாமுங்க, உங்க ஊட்டுலயும் வாங்கியிருப்பீங்க, அப்புறம் உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். மில்லுல மூட்டை தூக்கற வேலைக்குச் சேந்து மேனேஜர் ஆனவனுங்க நான். மஞ்சளைக் கையில வாங்குனாப் போதும், எந்தப் பக்கத்துக் காட்டுல வெளைஞ்சது, சரியாக் காஞ்சதா இல்லையான்னு நிறத்தை வெச்சே சொல்லிப்போடுவேன். "நிறம்னா மாசிலாமணிதாம்ப்பா"ன்னு எங்க மொதலாளி நாலு பேர்கிட்டச் சொல்லுவாரு. சொல்லிட்டு இருந்தாரு. இப்பச் சொல்றதில்லீங்க.

போன வருசம் மொதலாளிக்கு ஒரு ஆசை வந்துச்சு. "ஏப்பா, நம்ம பாக்கெட்டெல்லாம் அந்தக் காலத்துப் பாக்கெட்டாவே இருக்குது. பேரனுங்க கேலி பண்றாங்க. கவரெல்லாம் மாத்திப்போடலாம்"ன்னாரு. அதுக்குன்னே ஒரு கலர் பிரிண்டர் வாங்கினோம். நாந்தான் கோயமுத்தூர் போயி, கடைக்காரன்கிட்ட நின்னு பாத்து வாங்கினது. கம்ப்யூட்டர்ல டிசைன் போடறதுக்குக் கோகிலவாணின்னு ஒரு அம்மிணி. பவானில இருந்து பஸ்ஸுல வரும். நேரத்துக்கு வரும், வேலை சுத்தம், பேச்சு குறைச்சல். அது டிசைன் போட்டு பிரிண்டர்ல ஒரு சாம்பிள் எடுத்துக் குடுக்கும். நான் பாத்து "கலர் சரி"ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அந்தச் சாம்பிள் சிவகாசிக்குப் போகும். அங்க அச்சாபீசுல அதே கலர்ல கவர் அடிச்சு அனுப்பிச்சுருவாங்க. அம்புட்டுத்தானுங்க வேலை.

மொதல்ல மொளகாத்தூள் கவரு. சாம்பிளைக் கையில வாங்குனதுமே எனக்குப் புடிக்கல. வெள்ளையா இருக்கவேண்டிய எடம் பூராவும் டீத்தண்ணி கொட்டுன மாதிரி இருக்குது. மொளகா துருப்புடிச்ச ஆணியாட்டம் இருக்குது.

"ஏன் அம்மிணி, பேப்பர் பழசா?"

"இப்பத்தானுங்க சார் பண்டலைப் பிரிச்சேன்."

"அப்ப மஞ்ச கூடிப்போச்சு."

அந்த அம்மிணி சாம்பிளை ஜன்னல்கிட்டக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "சரியாத்தானுங்க சார் இருக்குது"ன்னுச்சு. நான் ஒண்ணும் திட்டலீங்க. சின்ன வயசு, நிறம் பாக்கறதெல்லாம் பழகிப் பழகி வர்றது.

பேப்பரை மாத்துனோம். மஞ்ச. மையை மாத்துனோம். நாலு மை ஊத்தணுங்க அதுக்கு, நீலம், ரோஸ், மஞ்ச, கறுப்பு. மொளகாய்க்கு எதுக்குடா ரோசுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல, அது கெடக்கட்டும். மை தெளிக்கற ஹெட்டைக் கழுவச் சொன்னேன். அப்பவும் மஞ்ச. சரி, ஆளை வரச் சொல்லுன்னு சொல்லி, கோயமுத்தூர்ல இருந்து அந்தோணிராஜ்னு சர்வீஸ் தம்பி வந்தாப்ல.

அந்தத் தம்பி டெஸ்ட் பேஜ் எடுத்தாப்ல. பையில இருந்து ஒரு கலர் அட்டையை எடுத்துப் பக்கத்துல வெச்சாப்ல. "மெசின் பக்கா சார். ரெண்டும் ஒண்ணா இருக்கு பாருங்க"ன்னாப்ல. பாத்தேன். ஒண்ணாத்தான் இருந்துச்சு. ரெண்டும் மஞ்சளா இருந்துச்சு.

"தம்பி, உங்க அட்டையும் பழசாயிப்போச்சு"ன்னேன்.

அந்தத் தம்பி என்னைப் பாத்தாப்ல, கோகிலவாணியைப் பாத்தாப்ல. "சார் சொல்றபடி பண்ணிருங்க"ன்னு அந்த அம்மிணி மெதுவாச் சொல்லுச்சு. மஞ்சளைக் கொறைச்சாப்ல. "இன்னும்"னேன். கொறைச்சாப்ல. "இன்னும்." கடைசில, "சார், இதுக்கு மேல கொறைக்கணும்னா மஞ்ச மையைப் புடுங்கி வெளிய எறியணும் சார்"ன்னு சொல்லிட்டு, சோறு கூடச் சாப்பிடாமப் போயிட்டாப்ல. அதுக்கப்புறம் நம்ம நம்பரைப் பாத்தா எடுக்கறதே இல்லீங்க. சர்வீஸ்னா இப்பிடித்தான் இருக்குது இப்பெல்லாம்.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. நம்ம ஆபீசுக்குப் பின்னாடியே மில்லு. நாள் பூரா மஞ்ச அரையுது. அந்தத் தூளு காத்துல கலந்து பிரிண்டருக்குள்ள போயிருக்கும்ல? எப்பிடிங்க என் யோசனை? யாருக்குமே தோணலீங்க, எனக்குத்தான் தோணுச்சு. அன்னிக்கே ஜன்னலெல்லாம் ஆணி அடிச்சுச் சாத்திட்டேன். சித்திரை மாசம். எல்லாரும் வேர்வைல நனைஞ்சு உக்காந்துருந்தாங்க. பரவால்லைன்னேன். ஆபீசுக்குள்ள யாரும் மஞ்சத்துணி கட்டிட்டு வரக்கூடாதுன்னேன், ஏன்னா வெளிச்சம் துணியில பட்டு பேப்பர்ல அடிக்கும். பொம்பளைங்க வெள்ளிக்கெழமை மூஞ்சிக்கு மஞ்சப் பூசிட்டு வருவாங்க, அதையும் நிறுத்துனேன். சாமி படத்துக்குச் செவ்வந்தி போடறது நிறுத்தியாச்சு. கணக்கு எழுதற ஒருத்தரு எலுமிச்சஞ்சோறு கொண்டாந்தாரு, அவரை மட்டும் வேப்பமரத்தடில உக்காந்து சாப்பிடச் சொன்னேன். நான் மரியாதையாத்தானுங்க சொன்னேன்.

டியூப்லைட்டெல்லாம் மாத்துனேன். செவுத்துக்கு வெள்ளை அடிச்சேன். அடிச்சும் பாத்தா செவுரு மஞ்சளா இருக்குது. பெயிண்டரைக் கூப்பிட்டு, "வெள்ளைன்னு சொல்லி என்னய்யா அடிச்ச?"ன்னு சத்தம் போட்டேன். அந்தாளு பெயிண்ட் டப்பாவைத் தூக்கியாந்து காட்டுனான். டப்பாவுக்குள்ளயும் மஞ்ச. கலப்படமுங்க. எல்லாத்துலயும் கலப்படம்.

கடைசில பிரிண்டரைத் தூக்கி மொதலாளி ஏசி ரூமுக்குள்ள வெச்சு, சுத்தியும் பாலிதீன் கட்டிவிட்டேன். மொதலாளி வெளிய வராந்தால பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கிட்டாரு. தங்கமான மனுசன். "கவரு நல்லா வந்தாச் சரிப்பா"ன்னு சொல்லி விசிறிட்டு இருந்தாரு.

அந்த வருசமே ஒரு கெட்ட வருசமுங்க, பிரிண்டர் மட்டுமில்ல. ஊட்டுல இட்லி மஞ்சளா வருது. "இட்லிக்கு எவளாச்சும் மஞ்சத்தூள் போடுவாளா?"ன்னு எங்க ஊட்டுக்காரிகிட்டக் கேட்டேன். "உங்க கண்ணுல என்ன கோளாறு?"ன்னா. நான் அரிசிக்கடையை மாத்திட்டேன். பனியன் மஞ்சளா வருது, சலவைக்காரரை மாத்திட்டேன். எங்க ஊட்டுக்காரி மட்டும் மாறாம இருந்தா, அவ்வளவுதான்.

கோகிலவாணி ஒருநாள் தலையில இருந்த மல்லியப்பூவைக் கழட்டி மேசைமேல வெச்சுச்சு. "சார், தப்பா நெனைக்காதீங்க. இது என்ன நிறமுங்க?"

பாத்தேன். பாவமா இருந்துச்சுங்க எனக்கு. "அம்மிணி, இது நேத்தைய பூவு. பழுத்துப்போச்சு பாரு. நல்ல பூவா வாங்கி வெச்சுக்கணும்"னேன்.

"காலைல பறிச்சதுங்க சார்"னு சொல்லிட்டுப் பூவை எடுத்துத் திரும்பத் தலையில வெச்சுக்கிச்சு. நானும் ரோசப்படற புள்ளைன்னு விட்டுட்டேன்.

இனி மஞ்சளைக் கொறைக்க எடமில்ல, அப்ப நீலத்தைக் கூட்டிப் பாக்கலாம்னு நானே முடிவு பண்ணுனேன். அந்த அம்மிணியை உக்கார வெச்சு, "ஏத்து, இன்னும் ஏத்து, ரோசையும் கொஞ்சம் ஏத்து"ன்னு பக்கத்துலயே நின்னேன். ஒரு மத்தியானம் வந்துச்சு பாருங்க ஒரு சாம்பிள்! வெள்ளைன்னா வெள்ளை. மொளகான்னா மொளகா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. கையெழுத்துப் போட்டேன். அதே கணக்குல மஞ்சத்தூள் கவருக்கும் ஒரு சாம்பிள் எடுத்து, அதுலயும் போட்டேன்.

கோகிலவாணி எந்திரிச்சு நின்னுச்சு. "சார், இது ஊதாங்க."

"எது?"

"மொளகாங்க சார். கத்திரிக்கா நிறத்துல இருக்குது. வெள்ளையெல்லாம் நீலமா இருக்குது. இதைச் சிவகாசிக்கு அனுப்ப வேண்டாமுங்க."

எனக்குக் கோவம் வரலீங்க. கவலைதான் வந்துச்சு. கலர் பாக்கற புள்ளைக்கே கண்ணு இப்பிடி ஆயிப்போச்சேன்னு. அது மட்டுமில்ல, கணக்குல இருக்கறவரு, டீ கொண்டார்ற அம்மா, வாட்ச்மேன், யாரைக் கேட்டாலும் ஊதாங்கறாங்க. ஒரு ஆபீசு பூராவுக்குமே கண்ணு கெட்டுப்போயிருந்தா மேனேஜர் என்ன பண்ணணும்? நான் சும்மா இருக்கலீங்க. ஒரு கண்ணாஸ்பத்திரில பேசி, வேன் வரவெச்சு, கம்பெனி வளாகத்துலயே இலவசக் கண் சிகிச்சை முகாம் போட்டேன். பந்தல் கட்டி, மோர் குடுத்து, எல்லாரையும் வரிசைல நிக்க வெச்சேன்.

எல்லாருக்கும் கண்ணு சுத்தமா இருக்குதுன்னுட்டாங்க. ரெண்டு பேருக்குக் கண்ணாடி எழுதிக் குடுத்தாங்க, அதுவும் படிக்கறதுக்கு. முகாம் டாக்டரம்மா போறப்ப, "நீங்களும் ஒருவாட்டி காட்டிருங்களேன் சார்"ன்னாங்க. கோகிலவாணியும் பக்கத்துல நின்னுட்டு, "ஆமாங்க சார், ஒரு நிமிசந்தானுங்க"ன்னுச்சு. நல்லா இருக்குதே! முகாம் நடத்தறவன் போய் வரிசைல நிக்க முடியுங்களா? மோரு பத்தலைன்னு அங்க ஒரே கூச்சல், நான் அதைப் பாக்கப் போயிட்டேன்.

மறுநாள் சாம்பிளைச் சிவகாசிக்கு அனுப்பச் சொன்னேன். அந்த அம்மிணி முடியாதுன்னுருச்சு. கத்தல, கண்ணீர் விடல. "நீங்க அனுப்பிக்குங்க சார். என் கையால அனுப்பமாட்டேன்"ன்னு கையைக் கட்டி உக்காந்துக்கிச்சு. மேனேஜர்னா ஒரு கண்டிப்பு வேணுமில்லீங்களா? "அப்ப நீ கம்ப்யூட்டர்ல உக்கார வேண்டாம். பாக்கிங்குக்குப் போ"ன்னேன். எந்திரிச்சுது, சோத்துப் போசியை எடுத்துக்கிச்சு, போயிருச்சு. பாக்கிங்ல மொளகாத்தூள் பக்கம் ஆள் பத்தலை, அங்க போட்டாங்க. நான் அங்க போடச் சொல்லலீங்க. ஆள் பத்தலை, அதனால போட்டாங்க.

சிவகாசில இருந்து போன் வந்துச்சு. "அண்ணாச்சி, மொளகாத்தூளுக்கு ஊதா. மஞ்சத்தூளுக்குப் பச்சை. உறுதிதானா?"ன்னு கேக்கறாங்க. "கையெழுத்துப் போட்டிருக்குதில்ல, அடிங்க"ன்னேன். பாருங்க, சிவகாசி வரைக்கும் கண்ணு போயிருச்சு.

கவரு வந்துச்சு, தூளை அடைச்சோம், லாரி ஏறுச்சு. நிறத்துல மாசிலாமணி சொன்னாச் சரின்னு மொதலாளி பிரிச்சுக் கூடப் பாக்கல. பாக்கெட் கடைக்குப் போனப்புறந்தான் ஆரம்பிச்சுது. பச்சை பாக்கெட்டைப் பாத்துட்டு மருதாணித்தூள்னு வாங்கிட்டுப் போயி, ஒரு கல்யாணப் பொண்ணுக்குக் கை பூரா அப்பி, பொண்ணு மஞ்சக்கையோட மணவறைல உக்காந்துருக்குது. அது கூடப் பரவால்லீங்க, மங்களகரந்தான். இந்த ஊதா பாக்கெட்டைத்தான் நாவல்கொட்டைப் பொடின்னு நெனைச்சுட்டாங்க. சக்கரை வியாதிக்காரங்க மோருல கலக்கிக் குடிப்பாங்களே, அது. பேரு கொட்டை எழுத்துல போட்டிருக்குதுங்க, மொளகாத்தூள்னு! யாருங்க படிக்கறாங்க? நிறத்தைப் பாத்து எடுத்துட்டுப் போறாங்க. கோபிப் பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, காலைல வெறும் வயித்துல ஒரு கரண்டி மோருல போட்டு ஒரே மடக்கு. நேரா பஸ் புடிச்சு எங்க ஆபீசுக்கு வந்துட்டாரு. பேச்சு வரலை அவருக்கு. நாக்கை வெளிய தொங்கப் போட்டுட்டு, பாக்கெட்டை என் மூஞ்சிக்கு நேரா ஆட்டறாரு. தண்ணி குடுத்தேன், சக்கரை குடுத்தேன். சக்கரையைப் பாத்து இன்னும் கோவம் வந்துருச்சு.

சத்தம் கேட்டு மொதலாளி வராந்தால இருந்து வந்தாரு. அந்தப் பாக்கெட்டை வாங்கி என் முன்னால புடிச்சாரு.

"மாசிலாமணி, இது என்ன நிறம்?"

"செவப்புங்க மொதலாளி. நல்ல மொளகாச் செவப்பு."

வாத்தியாரு நாக்கை உள்ள இழுத்துக்கிட்டாரு. ஆபீசே நின்னு பாக்குது. மொதலாளி பாக்கெட்டை மேசைமேல வெச்சாரு. அப்புறம் கேட்டாரு, "நான் கட்டியிருக்கற வேட்டி என்ன நிறம்?"

எனக்குச் சங்கடமாப் போச்சு. இருந்தாலும் கேட்டுட்டாரே. "சொன்னாக் கோவிச்சுக்காதீங்க மொதலாளி. நானே சொல்லணும்னு இருந்தேன். நல்லாப் பழுப்பேறிப் போச்சுங்க. சலவைக்காரரை மாத்திருங்க"ன்னேன்.

"இன்னிக்குக் காலைல பெட்டியில இருந்து பிரிச்ச வேட்டிடா இது"ன்னாரு. அவரு என்னை டா போட்டுப் பேசுனதே இல்லீங்க. கோவமாவும் சொல்லல, அழற மாதிரி சொன்னாரு. "வண்டில ஏறு"ன்னாரு. ஜவுளிக்கடைக்குப் போயி வேட்டியை மாத்தப் போறாரு போலன்னு நெனைச்சுட்டு ஏறுனேன். கொண்டாந்து இங்க எறக்கி விட்டுட்டாரு.

ரெண்டு கண்ணுலயும் பொரை முத்திப்போச்சுன்னாங்க. கண்ணுக்குள்ள மஞ்சக் கண்ணாடி மாட்டுன மாதிரி ஆயிருச்சு, அதான் எல்லாம் மஞ்சளாத் தெரியுதுன்னு டாக்டரு படமெல்லாம் போட்டுக் காட்டுனாரு. நல்ல டாக்டருதான். ஆனா அவரு எங்க பிரிண்டரைப் பாத்ததில்லீங்களே. பொரைங்கறது வயசானா எல்லாருக்கும் வர்றது. பிரிண்டர்ல மஞ்ச கூடுனது பிரிண்டர்ல கூடுனது. ரெண்டும் ஒரே சமயத்துல வந்துருச்சு, அவ்வளவுதான்.

வலது கண்ணு மட்டும் மொதல்ல பண்ணுனாங்க. கட்டுப் பிரிச்சதும் எங்க ஊட்டுக்காரி முன்னால நிக்கறா. தலை பூரா வெள்ளி மாதிரி நரை. பதறிட்டேன். "எப்ப இப்பிடி ஆச்சு?"ன்னு கேட்டா, "ரொம்ப வருசமாச்சு"ங்கறா. செவுரு கண்ணு கூசற வெள்ளை. ஊட்டுக்குப் போனா இட்லி வெள்ளை. அடுப்படில விக்காத பாக்கெட்டா அடுக்கி வெச்சிருக்கா, எடுத்துப் பாத்தேன். வலது கண்ணுல பாத்தா ஊதா. சுத்தமா கத்திரிக்கா. அதைப் பொத்திக்கிட்டு இடது கண்ணுல பாத்தா நல்ல செவப்பு. இப்ப நீங்களே சொல்லுங்க, பொறந்ததுல இருந்து கூடவே இருக்கற கண்ணை நம்பறதா, நேத்து வெச்ச லென்சை நம்பறதா?

போன வாரம் கோகிலவாணி ஊட்டுக்கு வந்துச்சுங்க. நாலு சாத்துக்குடியோட வந்து, பையை நீட்டுச்சு. அப்பத்தான் அந்தக் கையைப் பாத்தேன். மணிக்கட்டு வரைக்கும் செக்கச்செவேல்னு, வெரல் இடுக்கெல்லாம் தோலு உரிஞ்சு, சதை தெரியுது.

வலது கண்ணை மூடிக்கிட்டேன். இடது கண்ணுல பாத்தேன். கை சாதாரணமாத்தான் இருந்துச்சு, கொஞ்சம் கறுத்த மாதிரி. மறுபடி தொறந்தேன். சதை.

"என்ன அம்மிணி கை இது?"

"மொளகாத்தூளுங்க சார். கையுறை போட்டாலும் உள்ள போயிருது. எரிச்சல் பழகிப்போச்சுங்க." கையைப் பின்னால கொண்டுபோயிருச்சு. அப்புறம் சொல்லுது, "மொதலாளி திரும்பக் கம்ப்யூட்டருக்கே வரச் சொன்னாருங்க சார். மாசிலாமணி சார் சொல்லாம வரமாட்டேன்னுட்டேன். நீங்கதானே போகச் சொன்னீங்க."

கண்ணுல தண்ணியா ஊத்துது. சொட்டு மருந்து போட்டா அப்பிடித்தானுங்க ஊத்தும். எங்க ஊட்டுக்காரி, "இன்னிக்கு இன்னும் மருந்தே போடலியே"ங்கறா. அவளுக்கு எதுல பேசறதுன்னு இல்ல. தேங்காண்ணெயை எடுத்துட்டு வந்து அந்த அம்மிணி கையில அவளே தடவி விட்டா.

"போ அம்மிணி. நாளைக்கே போயிக் கம்ப்யூட்டர்ல உக்காரு. நான் எதையும் மனசுல வெச்சுக்கல. உன்னை மன்னிச்சுட்டேன்"னேன்.

அதைக் கேட்டு அது சிரிச்சுது பாருங்க, அப்பிடி ஒரு சிரிப்பு. அந்தப் புள்ளை இத்தனை சத்தமாச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. கூடவே எங்க ஊட்டுக்காரியும் சிரிக்கறா. மன்னிச்சா மனுசங்களுக்கு எத்தனை சந்தோசம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்ப ஆபீசுல அந்த அம்மிணிதான் கலர் பாக்குது. பிரிண்டரை வாங்குனப்ப இருந்த மாதிரியே மாத்திருச்சு. மொதலாளி ரூம் மொதலாளிக்கே போயிருச்சு, ஜன்னலெல்லாம் தொறந்தாச்சு. புதுக் கவரு நல்லா இருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. வலது கண்ணுல பாத்தா எனக்கும் நல்லாத்தான் இருக்குது, இல்லேங்கல.

அந்த நர்சம்மா என்னைத்தான் கூப்பிடறாங்க. இன்னிக்கு இடது கண்ணு ஆப்பரேசனுக்கு நாள் குறிச்சிருக்காங்க. வேண்டாம்னு சொல்லத்தானுங்க வந்திருக்கேன். டாக்டரு கோவிச்சுக்குவாரு, ஊட்டுக்காரி சண்டைக்கு வருவா. வரட்டும். இதையும் எடுத்துட்டு அதே லென்சை வெச்சுட்டாங்கன்னா, அந்தப் பிரிண்டர்ல மஞ்ச கூடுதலா இருந்துச்சுன்னு சொல்றதுக்கு இந்த ஊர்ல அப்புறம் யாருங்க இருக்கா?